புழு ஷெட் ஹீட்டர் ஏன் சூடேறவில்லை? வோல்ட், ஆம்பியரை வைத்து ஓமும் வாட்டும் கண்டுபிடிக்கும் முறை

மார்கழிக் குளிரில் தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு ஹீட்டர் இல்லாமல் ஆகாது. இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி வேண்டும். குறைந்தால் புழு இலை தின்பது குறையும், தோலுரிப்பு தள்ளிப்போகும். 2000 வாட் ஹீட்டர் மாட்டியும் அறை சூடேறவில்லை என்றால், அதைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடவேண்டாம். வோல்ட், ஆம்பியர் இரண்டையும் அளந்தால் கோளாறு எங்கே என்று கணக்கே காட்டிவிடும்.

தேவையான கணக்கு இவ்வளவுதான்:

வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம் (மின்தடை)
வோல்ட் × ஆம்பியர் = வாட் (திறன்)

முதல் சூத்திரம் 1827-இல் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதியிலிருந்து வருவது.

முதலில் 12 வோல்ட்டில் பழகுங்கள்

230 வோல்ட்டில் கைவைக்கும் முன் ஒரு 12 வோல்ட் பேட்டரி, 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர், 1 ஆம்பியர் பியூஸ், மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி பிளஸ், பியூஸ், ரெசிஸ்டர், பேட்டரி மைனஸ் என்று வரிசையாக இணையுங்கள்.

1. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் தொடுங்கள். 12.6 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்.
2. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, சிவப்பு ஒயரை மில்லி ஆம்பியர் துளைக்கு மாற்றி, 200 மில்லி ஆம்பியர் அளவில் வையுங்கள். கரண்ட் மீட்டருக்குள் புகுந்து போகும்படி அதை வரிசையில் சேர்த்து, மறுபடி பேட்டரியை இணையுங்கள். 125 மில்லி ஆம்பியர் வரும்.
3. 125 மில்லி ஆம்பியர் என்பது 0.125 ஆம்பியர். 12.6 ÷ 0.125 = 100.8 ஓம். 12.6 × 0.125 = 1.575 வாட்.

ஆயிரத்தால் வகுக்காமல் 125 என்றே போட்டால் 0.1 ஓம் என்று வரும். புதியவர்கள் அதிகம் தடுக்கிவிழும் இடம் இது. ரெசிஸ்டரை 5 வாட்டாகக் கேட்டதற்கும் காரணம் உண்டு. கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் அது தாங்குவதைப்போல் ஆறு மடங்கு சூடு ஏறி, புகைந்து கருகிவிடும்.

வேலை முடிந்ததும் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றியே தீரவேண்டும். ஆம்பியர் துளையில் இருக்கும்போது மீட்டர் வெறும் கம்பி மாதிரி. அப்படியே பிளக் துளையில் குத்தினால் நேரடி ஷார்ட். மீட்டர் கையிலேயே வெடிக்கலாம்.

இந்தக் கணக்கை போர்வெல் மோட்டாருக்கும் ஃபேனுக்கும் அப்படியே போடாதீர்கள். சிங்கிள் பேஸ் லைனில் அவற்றுக்கு வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் உண்மையான வாட்டைவிடக் கூடுதலாக வரும். பவர் ஃபேக்டரையும் (அந்தப் பெருக்கலில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண்) சேர்த்துப் பெருக்கவேண்டும். காயில் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றுக்குக் கணக்கு சரியாக வரும்.

இப்போது ஷெட்டுக்கு

230 வோல்ட்டில் ஆம்பியர் பார்க்க, ஒயரை வெட்டாமல் வெளியிலிருந்தே கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் வேண்டும். முழுக் கேபிளையும் கவ்வினால் போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். ஒரே ஒயரைக் கவ்வவேண்டும். அதற்கு அரை மீட்டரில் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் செய்து, நடுவில் 15 சென்டிமீட்டர் அளவுக்கு மேலுறையை மட்டும் நீக்கி வைத்துக்கொள்ளுங்கள். உள் ஒயர்களின் உறையில் கீறல்கூட விழக்கூடாது. ஈரத்தரையில் நின்று அளக்காதீர்கள்.

மிக முக்கியமானது, ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட்டை அளக்கவேண்டும். அணைத்துவிட்டு அளந்தால் வீட்டிலும் ஷெட்டிலும் ஒரே வோல்ட்தான் காட்டும். கரண்ட் போகாத ஒயரில் வோல்ட் இறங்காது. "ஷெட்டுக்கு 215 வருதே, லைன் நல்லாத்தானே இருக்கு" என்று பலர் ஏமாறுவது இதில்தான்.

வீட்டுக்கும் ஷெட்டுக்கும் 80 மீட்டர், 1 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் என்று கொள்வோம். ஹீட்டர் ஓடும்போது வீட்டு போர்டில் 215 வோல்ட், ஹீட்டர் மாட்டிய போர்டின் இன்னொரு பிளக் துளையில் 192 வோல்ட், கிளாம்பில் 7.3 ஆம்பியர்.

ஹீட்டரின் தடை: 192 ÷ 7.3 = 26.3 ஓம். அதன் மேல் அச்சிட்டுள்ள 230 வோல்ட், 2000 வாட் கணக்குப்படி (வோல்ட் × வோல்ட் ÷ வாட் = ஓம்) 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம் இருக்கவேண்டும். ஆக ஹீட்டர் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது தரும் சூடு 192 × 7.3 = 1402 வாட். 215 வோல்ட் முழுதாகக் கிடைத்திருந்தால்கூட சுமார் 1750 வாட் வந்திருக்கும். மின்தடை மாறாமல் இருக்க, வோல்ட் குறையக் குறைய வாட் அதன் வர்க்கக் கணக்கில் (வோல்ட் × வோல்ட்) விழும்.

மீதி வோல்ட் ஒயரிலேயே போய்விடுகிறது. 215 − 192 = 23 வோல்ட். 23 ÷ 7.3 = 3.15 ஓம். 23 × 7.3 = 168 வாட். இரவு 10 மணி நேரம் ஓடினால் 1.68 யூனிட் மண்ணையும் மரத்தையும் சூடாக்கவே போகிறது.

1 ஸ்கொயர் செம்பு ஒயருக்கு கிலோமீட்டருக்கு 19.5 ஓம். போக 80, வர 80, மொத்தம் 160 மீட்டர், 3.12 ஓம். அளந்ததும் ஏறக்குறைய அதுவே, எனவே இணைப்புகளில் குறையில்லை. ஒயர் மெல்லிசு. 7 ஆம்பியரை அது தாங்கும், 80 மீட்டர் தூரத்தைத்தான் தாங்காது. 2.5 ஸ்கொயர் போட்டால் அதே ஹீட்டர் சுமார் 1590 வாட் தரும். 4 ஸ்கொயரில் 1650. கூடுதலாகக் கிடைப்பது 60 வாட்தான் என்பதால் 2.5 போதும்.

ஒயருக்கு 3.15-க்குப் பதில் 3.6 ஓம் வந்தால் கதை வேறு. அந்தக் கூடுதல் அரை ஓம் எங்கோ ஒரு தளர்ந்த இணைப்பில் உட்கார்ந்திருக்கிறது. தடை கூடுவதால் கரண்டும் 7.15 ஆம்பியராகக் குறையும். ஆம்பியர் × ஆம்பியர் × ஓம் (இதுவும் வாட்தான்) போட்டுப் பாருங்கள்: 7.15 × 7.15 × 0.5 = சுமார் 25 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் அளவு சூடு, விரல்நுனி இடத்தில், புழு கூடு கட்டும் சந்திரிகைத் தட்டுகளும் காய்ந்த தழையும் இருக்கும் ஷெட்டில். மெயினை அணைத்து, பிளக் பின்னையும் ஜங்ஷன் பாக்ஸையும் திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும், செம்பு கறுத்திருக்கும். பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, புது கனெக்டரில் இறுக்கி, ஹீட்டரைப் போட்டு மறுபடி அளங்கள். இரண்டு போர்டுக்கும் இடையே 26 வோல்ட்டாக இருந்த வித்தியாசம் 23-க்கு இறங்கியிருக்கவேண்டும். இறங்கவில்லையென்றால் அடுத்த இணைப்பைத் திறங்கள்.