நுரையீரல் தழும்பு: ஸ்கேன் படத்தை ஜாதகமாகப் படிக்காதீர்கள்

நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல் மாதக்கணக்கில் ஓயவில்லை. வடசென்னையில் இதற்குக் கைவசம் இருக்கும் விளக்கங்கள் மூன்று: மணலிப் புகை, எண்ணூர்ச் சாம்பல், டிபி. முதல் தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது. முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற சரசரப்பு கேட்கிறதென்றால், பைப்ரோசிஸ் எனும் தழும்பு நோயையும் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த தவறு பெரியது. ஒரே ஒரு சி.டி. படத்தை வைத்துக்கொண்டு, 'இனி எப்படிப் போகும்?' என்று கேட்பது. சி.டி. காட்டுவது விழுந்துவிட்ட தழும்பை. அது இன்னும் பரவுகிறதா, அடங்கிவிட்டதா என்பது ஒற்றைப் படத்தில் தெரியாது. நீறு தெரியும்; அடியில் நெருப்பு இருக்கிறதா என்பது தெரியாது.

அந்த நெருப்பைத் தேடுவதுதான் மூலக்கூறு படமெடுப்பு. தழும்பை நெய்யும் செல்கள் சுறுசுறுப்பாகும்போது அவற்றின் மேல் எஃப்.ஏ.பி. என்ற புரதம் பெருகும். அதைப் பற்றிக்கொள்ளும் பொருளோடு கேலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளை இணைத்து ஊசியாக ஏற்றி, பெட் ஸ்கேனில் பார்க்கிறார்கள். 2021இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் ஸ்கிளீரோடெர்மா நோயால் நுரையீரல் பாதிக்கப்பட்ட 21 பேரை இப்படிப் பார்த்தார்கள். அதிகம் ஒளிர்ந்தவர்களுக்கே நோய் பின்னர் முற்றும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 21 பேர்தான், மறந்துவிட வேண்டாம்.

இதைக் கேள்விப்பட்டுக் கடன் வாங்கிச் சாதாரண பெட் ஸ்கேன் எடுப்பவர்கள் உண்டு. பெயர்தான் ஒன்று, அது சர்க்கரையைத் தின்னும் செல்களைக் காட்டுவது. டிபி, நிமோனியா, புற்றுநோய் எல்லாம் அதில் ஒளிரும். எஃப்.ஏ.பி. ஸ்கேனோ இந்த நோய்க்கு இன்னும் வழக்கமான பரிசோதனை ஆகவில்லை.

அதுவரை பழைய ஃபிலிம்களைத் தூக்கி எறியாதீர்கள். ஒப்பிட்டால்தான் போக்கு தெரியும். ஊதும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஓராண்டுக்குள் எஃப்.வி.சி., அதாவது மூச்சை முழுக்க இழுத்து வேகமாக ஊதும் காற்றின் அளவு, 5 சதவீதப் புள்ளி இறங்கினாலே, நோய் முற்றுவதன் அடையாளங்களில் ஒன்றாக அதை 2022ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் எடுத்துக்கொள்கிறது. 'குணம் தெரியவில்லை' என்று பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் மாத்திரைகளை நீங்களாக நிறுத்துவதும் தவறு. அவை தழும்பை அழிப்பதில்லை, வேகத்தைத்தான் குறைக்கின்றன.

கடைசியாகப் புறா. ராயபுரம், வியாசர்பாடி மொட்டை மாடிகளில் பந்தயப் புறாக் கூண்டுகள் புதிதல்ல. எச்சத் தூளும் இறகுத் துகளும் ஒவ்வாமையைக் கிளப்பி, சிலருக்கு நுரையீரலைத் தழும்பாக்கும். ஆனால் மருத்துவர் கேட்டால், 'வீட்டில் ஒன்றும் வளர்க்கவில்லை' என்பார்கள். மாடி வீட்டுக் கணக்கில் வராதாம்.