ஹாலோவீன் அலங்காரம்: காசும் போய் அழகும் போகிற தவறுகள்

ஹாலோவீன் என்பது அக்டோபர் 31 மாலை மாறுவேடமிட்ட பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் பண்டிகை. அதற்காக அக்டோபர் பிறந்ததும் அமெரிக்கப் புறநகர்த் தெருக்களில் வீட்டுக்கு வீடு எலும்புக்கூடு முளைக்கத் தொடங்கிவிடுகிறது. ஹோம் டிப்போ கடை 2020-இல் கொண்டுவந்த 12 அடி எலும்புக்கூட்டின் அப்போதைய விலை 299 டாலர். ஒரு மாதம் புல்வெளியில் நிற்கப்போகிற பிளாஸ்டிக்குக்கு அவ்வளவு பணம் அழ மனம் வராதவர்கள் கத்தரிக்கோலையும் பசையையும் எடுத்துக்கொண்டு உட்காருகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அப்படிச் செய்ததில் பாதி, 31-ஆம் தேதி மாலைக்குள் நனைந்தோ பறந்தோ அழுகியோ போய்விடுகிறது. மீதிப் பாதி யார் கண்ணிலும் படுவதில்லை.

இதற்குக் காரணம் கைத்திறன் குறைவு என்று நான் நினைக்கவில்லை. செய்கிறவர் அதைச் சாப்பாட்டு மேசையில், நல்ல வெளிச்சத்தில், கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கிறார். வாசலுக்கு வரும் பிள்ளையோ இருட்டில், காற்றில், நடைபாதையில் நின்றபடி பார்க்கிறது. இந்த இடைவெளியை மறந்துவிடுவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதன் குட்டிகள்.

கறுப்புப் பூனை, கறுப்பு வௌவால், கறுப்புச் சிலந்தி என்று மணிக்கணக்கில் வெட்டி, அவற்றைக் கரும்பழுப்புக் கதவில் ஒட்டுவார்கள். பகலில் பார்க்க அழகாக இருக்கும். இருட்டினால் கதவும் தெரியாது, பூனையும் தெரியாது. அதே பூனையை ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் ஒட்டி, அதன் பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டு, அறைக்குள் ஒரு விளக்கைப் போட்டுப் பாருங்கள். தெருக்கோடியிலிருந்து தெரியும். இரண்டு தாள் சார்ட் பேப்பரும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு விளக்கும்தான் மொத்தச் செலவு. வீட்டில் செய்யும் ஹாலோவீன் வேலைகளில் காசுக்குத் தகுந்த பலன் இதைப் போல வேறெதிலும் இல்லை என்பது என் கட்சி. விளக்கு துணியை ஒட்டி இருக்கக்கூடாது. சூடேறும் பழைய வகை பல்பு என்றால் இன்னும் தள்ளி வையுங்கள்.

அமெரிக்காவில் 2007 முதல் கோடைகால நேரம், அதாவது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைக்கும் வழக்கம், நவம்பர் முதல் ஞாயிறு வரை நீள்கிறது. அதனால் நியூ ஜெர்சி பக்கம் அக்டோபர் 31 அன்று சூரியன் மறைய ஏறக்குறைய ஆறு மணி ஆகிவிடும். நடைபழகும் வயதுக் குழந்தைகள் வெளிச்சம் இருக்கும்போதே வந்து மிட்டாய் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நிழல், விளக்கு வேலையெல்லாம் அதற்குப் பிறகு வருகிற பெரிய பிள்ளைகளுக்கு. புதரில் மின்னும் கண்களும் அப்படித்தான்: டாய்லெட் பேப்பர் தீர்ந்த அட்டைக் குழாயில் கண் வடிவத்தில் ஓட்டை போட்டு, உள்ளே ஒடித்தால் ஒளிரும் பிளாஸ்டிக் குச்சியைச் செருகிப் புதருக்குள் மறைத்து வைப்பது. அந்தக் குச்சி ஒடித்த நிமிடத்திலிருந்து சில மணி நேரமே ஒளிரும். மதியமே ஒடித்து வைத்தால் இரவு வெறும் அட்டைதான் மிஞ்சும்.

மழையும் பசையும்

அக்டோபர் கடைசி வாரம் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் மழையும் காற்றும் சகஜம். வெளியே வைக்கும் பொருளைக் காகிதத்தில் செய்வது வீண். சார்ட் பேப்பர் ஒரு பனி இரவிலேயே சுருண்டுவிடும், வெயில் பட்டால் கறுப்பு வெளுத்துச் சாம்பல் நிறமாகும். பசையை உருக்கி ஊற்றும் க்ளூ கன்னால் ஒட்டியது உறுதியாக இருக்கும் என்ற நம்பிக்கையும் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். குளிரில் அந்தப் பசை விறைத்து, வழவழப்பான பரப்பிலிருந்து தகடு போலப் பெயர்ந்து விழுகிறது. வெளியில் வைக்கும் பொருளுக்குக் கம்பி, கயிறு, பிளாஸ்டிக் பட்டி இவையே கைகொடுக்கும்.

தெர்மோகோலில் கல்லறைப் பலகை செய்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. வெட்டி, எழுத்துச் செதுக்கி, கடைசியில் சாம்பல் நிற ஸ்ப்ரே பெயின்ட்டை அடிப்பார்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். பலகை முகமெல்லாம் குழி விழுந்து உருகும். சிலர் பழைய கல் போலத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்கள், அது வேறு விஷயம். மற்றவர்கள் முதலில் அக்ரிலிக் பெயின்ட்டைத் தூரிகையால் பூசிவிடுவது நல்லது. பலகையைப் புல்லில் சும்மா சாய்த்து வைத்தால் முதல் காற்றிலேயே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அடியில் இரண்டு குச்சிகளைச் செருகி மண்ணில் ஊன்ற வேண்டும்.

துணிப் பேய் நம் வீடுகளில் எளிதாகச் செய்யக்கூடியது. ஊதிய பலூனை உயரமான பாட்டிலின் மேல் வைத்து, இரண்டையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிட்டு, பசையில் நனைத்த மெல்லிய துணியை மேலே போர்த்திக் காயவிடுவார்கள். மறுநாள் பலூனை உடைத்து பாட்டிலை உருவினால், துணி தானாக நிற்கும். கடையில் விற்கும் சீஸ்கிளாத் என்ற மெல்லிய வலைத்துணிக்குப் பதிலாகப் பெட்டியடியில் கிடக்கும் பழைய மல் வேட்டியைக் கிழிக்கலாம். வெள்ளைப் பசையும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்தால் போதும். சோறு வடித்த கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினாலும் துணி விறைக்கும். ஆனால் கஞ்சி போட்ட பேயை வெளியே நிறுத்தாதீர்கள். ஈரக்காற்று பட்டதும் துவண்டு, நான்கு நாளில் பூசணம் பிடிக்கும். துணியைப் பிழியாமல் சொட்டச் சொட்டப் போர்த்துவதும் தவறு. எடை தாங்காமல் வழிந்து, கைகால் இல்லாத குவியலாகக் காய்ந்துவிடும்.

மழைக்கும் அசையாத பேய் வேண்டுமா? காலி பால் கேன்கள் இருக்கின்றன. ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் கேனின் முகத்தில் அழியாத மார்க்கரால் கண்ணும் வாயும் வரைந்து, முதுகில் ஓட்டை போட்டு, சீரியல் விளக்கை உள்ளே விட்டால் நடைபாதை ஓரம் வரிசையாக நிறுத்தலாம். சோப்புப் போட்டுக் கழுவாமல் விட்டால் புளித்த பால் நாற்றம் வாசலுக்கு வருகிறவர்களை வரவேற்கும். உள்ளே கொஞ்சம் சரளைக்கல் போட மறந்தால் காற்றில் உருண்டு ஓடும்.

பூசணிக்காய்

கண்ணும் பல்லும் வரைந்த பூசணிக்காயைப் புது வீட்டின் முன் கட்டித் தொங்கவிடும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பண்டிகையின் பூசணிக்காய் அந்நியமாகத் தெரிவதில்லை. வித்தியாசம் என்னவென்றால், இங்கே காயைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள்; திருஷ்டிப் பூசணியை யாரும் குடைவதில்லை. குடைந்த பூசணி சீக்கிரம் அழுகும். அக்டோபர் தொடக்கத்தில் ஆசையாகக் குடைந்து வாசலில் வைத்தால், பத்தாம் தேதிக்குள் வாய் உள்வாங்கி, பல் விழுந்த கிழவர் போலாகி, உள்ளே கறுப்புப் பூசணம் படர்ந்திருக்கும். முழுக்காய் ஒரு மாதம்கூடத் தாங்கும். ஆகவே முன்கூட்டியே வாங்கலாம், குடைவதைக் கடைசி இரண்டு மூன்று நாட்களுக்குத் தள்ளிவைக்க வேண்டும். வாங்கும்போது அடிப்பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள்; மெத்தென்று இருந்தால் வேண்டாம். காம்பைப் பிடித்துத் தூக்கினால் காம்பு கையோடு வந்துவிடும்.

சமையலறைக் கத்தியால் குடைவது பெரிய தவறு. வழுக்கும் தோலில் கத்தி சிக்கி, பலங்கொண்டு இழுக்கும்போது விரலில் இறங்குகிறது. கடைகளில் சில டாலருக்குக் கிடைக்கும் சிறு ரம்பம் மெதுவாகத்தான் அறுக்கும், ஆனால் நாம் சொன்ன வளைவில் திரும்பும். மேல்மூடியைச் செங்குத்தாக வெட்டினால் அது உள்ளே விழுந்துவிடும்; வெட்டு காயின் நடுவை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு சிறு முக்கோண வெட்டு வைத்தால், எந்தப் பக்கம் பொருத்துவது என்று பிறகு தடுமாற வேண்டாம். என்னைக் கேட்டால் மூடியே வேண்டாம், அடிப்பாகத்தை வெட்டிவிட்டு விளக்கின் மேல் கவிழ்த்துவிடலாம். முகம் வரும் பக்கத்தின் சுவரை ஓர் அங்குலத் தடிமன் வரை சுரண்டிவிட வேண்டும். சோம்பலில் தடிமனாக விட்டால் வெளிச்சம் வராது, அறுக்கவும் வராது.

அணில் தொல்லைக்கு மிளகாய்த்தூள் தூவச் சொல்வார்கள். அணில் ஒதுங்குவது உண்மைதான், ஆனால் ஒரு மழையில் கரைந்துவிடும். தொட்டுப் பார்த்த குழந்தை கண்ணைத் தேய்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சதையைச் சாம்பாரில் போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு: குடைவதற்கென்றே வளர்க்கும் ஹௌடன் போன்ற ரகங்கள் நாரும் நீருமாக, சுவையின்றி இருக்கும். விதையை வறுத்துச் சாப்பிடுங்கள், அது நன்றாக இருக்கும்.

நெருப்பு

பூசணிக்குள் மெழுகுவர்த்தி வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. காய்ந்த சோளத்தட்டை, கிரேப் பேப்பர், மெல்லிய துணி ஆகிய இந்தப் பண்டிகையின் வழக்கமான அலங்காரங்கள் எல்லாமே தீப்பொறிக்குக் காத்திருப்பவை. குனியும் குழந்தையின் உடையும் அப்படித்தான். பேட்டரியில் எரியும் எல்இடி விளக்குப் போதும். தீபாவளியும் இதை ஒட்டியே வருவதால் (2024-இல் இரண்டும் ஒரே நாள்) நம் வீடுகளில் அகல் விளக்கு கைக்கருகில் இருக்கும். அதைக் காகிதப் பைக்குள் வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். சீரியல் விளக்கை இரண்டுக்கும் பயன்படுத்தினால் செலவு மிச்சம், ஆனால் வீட்டுக்குள் பயன்படுத்தும் நீட்டிப்பு வயரைப் புல்வெளியில் போடக்கூடாது. வயரை ஆணியால் அறைவதும் வேண்டாம்.

புகைக்காக உலர் பனிக்கட்டி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வாங்குபவர்கள் அது மைனஸ் 78 டிகிரி செல்சியஸில் இருக்கிறது என்பதை மறந்து வெறும் கையால் எடுக்கிறார்கள். அதைவிட ஆபத்து, மூடி இறுக்கிய பாட்டிலில் போடுவது. வாயு பெருகி வெடித்துவிடும்.

புதர்களில் இழுத்துக் கட்டும் பஞ்சு போன்ற செயற்கைச் சிலந்தி வலை மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் சிறு பறவைகளும் வௌவால்களும் தேனீக்களும் அதில் சிக்கிக்கொள்கின்றன. அதை வீட்டுக்குள் கட்டுங்கள். வெளியே தடித்த வெள்ளைக் கயிற்றால் பெரிய கண்ணிகளாகக் கட்டினால் தூரத்திலிருந்து இன்னும் நன்றாகவே தெரியும்.

வேறு நாட்டில் வளர்ந்தவர்கள் அறியாமல் செய்யக்கூடிய இரண்டு தவறுகளையும் சொல்லவேண்டும். பழைய சட்டை பேன்ட்டில் வைக்கோல் திணித்து, கழுத்தில் சுருக்கிட்டு மரத்தில் தொங்கவிடுவது அமெரிக்காவில் வேடிக்கையாகப் பார்க்கப்படாது. கறுப்பின மக்களைக் கும்பல்கள் மரத்தில் தூக்கிலிட்ட வரலாறு இங்கே இன்னும் ஆறாத புண். அந்தப் பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்தால் போதும், பயமும் கூடும். இரண்டாவது, பூசணிக்கு நீலப்பச்சை வண்ணம் பூசுவது. உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு இந்த வீட்டில் மிட்டாய் தவிர வேறு பரிசும் உண்டு என்பதற்கான அடையாளம் அது. 2014 முதல் நாடெங்கும் பரவிய வழக்கம். அழகாக இருக்கிறதே என்று பூசிவிட்டு வேர்க்கடலைச் சாக்லேட்டை மட்டும் நீட்டினால், ஆசையாக ஓடிவந்த பிள்ளையின் முகம் வாடும். ஸ்டிக்கரோ பென்சிலோ கொஞ்சம் வாங்கி வைத்துவிட்டால் தாராளமாகப் பூசலாம்.

மலிவு என்று தொடங்கியது மலிவாக முடிவதில்லை என்பதும் அடிக்கடி நடக்கிறது. வீடியோவில் காட்டும், கதவில் தொங்கவிடும் ஒரு மாலைக்கு க்ளூ கன், நான்கு வண்ணப் பெயின்ட், கம்பி வளையம், செயற்கை இலை என்று கூடை நிரம்பும். கூட்டிப் பார்த்தால் கடையில் தொங்கும் மாலை அதைவிடக் குறைவு. வீட்டில் இல்லாத பொருள் இரண்டுக்கு மேல் தேவைப்பட்டால் நான் அந்த யோசனையைக் கைவிட்டுவிடுவேன். அடுத்த ஆண்டுக்கான விளக்குகளை நவம்பர் 1 அன்று வாங்குங்கள், கடைகளில் விலையைக் குறைத்துத் தள்ளிவிடுவார்கள். அன்றே பூசணிக்காயையும் அப்புறப்படுத்திவிடுங்கள். பெயின்ட்டும் மெழுகும் படாதது உரக்குழிக்குப் போகலாம், சில பண்ணைகள் ஆடு, பன்றிகளுக்கும் வாங்கிக்கொள்ளும். பெயின்ட் அடித்ததைத் தோல் சீவிய பிறகே உரத்தில் சேர்க்க வேண்டும்.