நோட்டீஸும் வேண்டாம், போஸ்டரும் வேண்டாம்: ஊராட்சி வார்டில் ஓட்டுக் கேட்பது எப்படி?

முதல் தடவையாக ஊராட்சி வார்டு மெம்பருக்கு நிற்கிறீர்களா? மனு போட்ட அன்றைக்கே யாராவது வந்து "அண்ணே, நோட்டீஸ் எத்தனை அடிக்கலாம்?" என்று கேட்டிருப்பார். ஒன்றும் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாதிப் பேருக்கு இது கஞ்சத்தனமாகத் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

காரணம் நேரமும் காசும்தான். 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள் 19, அது முடிந்துதான் சின்னம் கைக்கு வந்தது. முதல் கட்ட ஓட்டுப்பதிவு 27-ம் தேதி, பிரசாரம் 25-ம் தேதி மாலை 5 மணியோடு சரி. இடையில் கிடைத்தது ஆறு நாள். அந்த ஆறில் டிசைன், பிரஸ், பிழைதிருத்தம், ஒட்டுவதற்கு ஆள் என்று இரண்டு நாளைத் தொலைத்தால் மிச்சம் எவ்வளவு? வார்டு உறுப்பினருக்கு அப்போது வைத்த செலவு வரம்பு 9,000 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கே 34,000 தான் (அடுத்த தேர்தலுக்கு மாறலாம், மனு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்). போதாக்குறைக்கு, பொது இடத்தில் ஒட்டினால் கேட்பதற்கு 1959-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்த பிறகு, ஃப்ளெக்ஸ் என்றாலே முகம் சுளிக்கிற வாக்காளர்களும் இருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. சின்னம் வரும்முன்: பட்டியல்

வார்டின் வாக்காளர் பட்டியலை வாங்குங்கள். சில நூறு பெயர்தான் இருக்கும். தெருவாரியாகப் பிரித்து, ஊரில் எல்லோரையும் தெரிந்த ஒரு பெரியம்மாவையோ சித்தப்பாவையோ பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு பெயராக வாசியுங்கள். யார் ஊரில் இருக்கிறார், யார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், யார் கட்டிக்கொடுத்துப் போய்விட்டார், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் ஒரே சாயங்காலத்தில் வந்துவிடும். வெளியூர்க்காரர்கள் பெயருக்கு நேராக போன் நம்பர் எழுதுங்கள். ரேஷன் கடை ஊழியர், அங்கன்வாடி அம்மா மாதிரி அரசு வேலையில் இருப்பவர்களை இதில் இழுக்காதீர்கள், அவர்களுக்குத்தான் வம்பு.

2. சொல்வதற்கு ஒரே ஒரு விஷயம்

வார்டு மெம்பர் என்னென்ன செய்ய முடியும் என்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். காசோலையில் கையெழுத்துப் போடுவது தலைவரும் துணைத்தலைவரும். உங்கள் கையில் இருப்பது ஊராட்சிக் கூட்டத்தில் பேசுவது, தீர்மானத்தில் கை தூக்குவது, துணைத்தலைவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடுவது. அதனால் மேம்பாலம் கட்டுவேன் என்கிற பேச்சே வேண்டாம். கீழத்தெருவில் மூன்று கம்பத்தில் விளக்கு எரியவில்லையா, மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் கடைசி நாலு வீட்டுக்கு ஏறவில்லையா, அதை எடுங்கள். எந்தக் கம்பம், யார் வீட்டு வாசல் என்று இடம் சொல்லிப் பேசினால் போதும். நோட்டீஸில் பத்து வாக்குறுதி போடுகிறவரைவிட உங்களை நம்புவார்கள்.

3. சின்னம் வந்தபின்: பொருளைக் கையில் எடுங்கள்

வார்டு மெம்பர், ஊராட்சித் தலைவர் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஆகவே பழகிய சின்னம் என்று யாருக்கும் ஒன்று இருக்காது. எல்லா வேட்பாளரும் பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். போஸ்டர் இல்லாதவருக்கு இது பெரிய அனுகூலம்.

உதாரணத்துக்கு உங்களுக்குச் சீப்பு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். உள்ளங்கை அளவு பாக்கெட் சீப்பு வேண்டாம், வீட்டில் பெண்கள் வைத்திருக்கிற பெரிய சீப்பாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று வணக்கம் வைக்கும்போது அது வலது கையில் இருக்கட்டும். பேச்சு முடிந்து கிளம்பும்போது அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "அத்தை, வெள்ளைச் சீட்டு, சீப்பு" என்று மட்டும் சொல்லுங்கள் (சீட்டு நிறக் கதை அடுத்த பகுதியில் வருகிறது). அத்தை திருப்பிச் சொல்லும்வரை நகராதீர்கள். வழுக்கைத் தலை மாமா ஒருவர் "எனக்கு எதுக்குப்பா சீப்பு?" என்று கட்டாயம் கேட்பார். சிரித்துவிட்டு, அதையே அடுத்த வீட்டில் நீங்களே சொல்லுங்கள், மறுநாள் டீக்கடையில் உங்கள் சின்னம் தானாக ஓடும்.

ஒரு எச்சரிக்கை: காட்டலாம், கொடுக்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு சீப்பு விநியோகித்தால் அது ஓட்டுக்குப் பரிசுப்பொருள், நேராக வழக்கில் போய் முடியும். பட்டியலில் சின்னம் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால் கையில் பிடிக்க முடிகிற, பாட்டிகளுக்குப் பெயர் தெரிந்த பொருளாகக் கேளுங்கள்.

4. சீட்டு நிறம்

இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். ஊரகத் தேர்தலில் மெஷின் இல்லை, காகிதச் சீட்டுதான், அதுவும் ஒருவருக்கு நாலு. 2019-ல் வார்டு மெம்பருக்கு வெள்ளை (சில சாவடிகளில் இளநீலம்), தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்ட கவுன்சிலருக்கு மஞ்சள். உங்கள் சாவடிக்கு எந்த நிறம் என்று விசாரித்துக்கொண்டு, சின்னத்தையும் நிறத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். முத்திரையை ஒரே ஒரு சின்னத்தின் மேல் குத்தி, மை எதிர்ப்பக்கம் ஒட்டாமல் மடிக்க வேண்டும் என்று பெரியவர்களுக்கு ஒரு பழைய நோட்டுத்தாளில் செய்து காட்டுங்கள். செல்லாத ஓட்டு யாருக்கும் உதவாது, சில வார்டுகளில் ஒற்றை இலக்க ஓட்டில்தான் வெற்றி தோல்வியே.

5. எப்போது போவது

நூறு நாள் வேலைக்குக் கிளம்புகிற வீடுகளுக்குக் காலை ஏழு மணிக்குள், மற்றவர்களுக்குச் சாயங்காலம் ஆறுக்குமேல். கூட்டமாகப் போகாதீர்கள். நீங்களும், அந்தத் தெருக்காரர் ஒருவரும் போதும். ஒரு வீட்டுக்கு இரண்டு தடவை போவது என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் தடவை குறையைக் கேட்க, இரண்டாவது தடவை சின்னம் சொல்ல. உங்களுக்கு ஓட்டுப் போடவே மாட்டார்கள் என்று தெரிந்த வீட்டையும் தாண்டிப் போகாதீர்கள். வராமல் போனதைத்தான் ஐந்து வருஷம் சொல்லிக் காட்டுவார்கள்.

6. போன்

வாட்ஸ்அப்பில் புதிதாக குரூப் தொடங்கி ஊரையே சேர்த்தால் பாதிப் பேர் வெளியேறிவிடுவார்கள். இருக்கிற சொந்தக்கார குரூப்களில் ஒரு நிமிஷத்துக்குள் உங்கள் குரலிலேயே பேசி அனுப்புங்கள், தெருப் பெயர் சொல்லி. வெளியூர் ஓட்டுக்கு இது போதாது. ஒவ்வொருவரையும் நீங்களே கூப்பிட்டு "எப்போ ஊருக்கு வர்றீங்க?" என்று கேளுங்கள். வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்குள்ள பாக எண்ணையும் வரிசை எண்ணையும் அப்போதே அனுப்பிவிடுங்கள். பஸ்ஸுக்குக் காசு அனுப்புகிறேன், வண்டி வைக்கிறேன் என்றெல்லாம் வாய் விடாதீர்கள்.

7. கணக்கு

டீச் செலவு, பெட்ரோல், அந்த ஒரு சீப்பு உட்பட அன்றன்றைக்கு நோட்டில் எழுதுங்கள். முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும், தோற்றவர்களும்தான். காட்டாமல் விட்டால் அடுத்த தடவை நிற்க முடியாதபடி தகுதிநீக்கம் வரும். உங்கள் கணக்கு ஒரு பக்கத்தில் முடிந்துவிடும், ஃப்ளெக்ஸ் பில்லைத் தேடி அலைய வேண்டியதில்லை.