பேப்பர் போடுறதுக்கு முன்னாடி இத பாத்துக்க மக்கா

ஊருக்கு வந்துட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில் ஜங்ஷன்ல அம்மா தந்த மட்டிப்பழ கவரோட சென்னை வண்டிக்கு நிக்கும்போ "நாளைக்கே பேப்பர் போட்டுரணும், வேலைய விட்டுரணும்"னு தோணும் பாத்தியா, எனக்கும் ரெண்டு வருசம் தோணிச்சு. போடு, வேண்டாம்னு சொல்லல. ஆனா நான் இதெல்லாம் பாக்காம போட்டுட்டு பட்டது கொஞ்சமில்ல.

மொதல்ல பேஸ்லிப்ப தொறந்து பாரு. புதுசா சேந்த பயலுவளுக்கு பாதி கடுப்பு இதுலதான். சிடிசி (கம்பெனி ஒனக்காக வருசத்துக்கு செலவழிக்கிற மொத்த தொகை) 3 லட்சம்னா மாசம் 25,000 வரும்னு நாம சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லிருவோம், பேசிக் அதுல பாதி 12,500ன்னு வச்சுக்கோ, அதுக்கு 12 சதவீதம் 1,500 ஒனக்க பங்கு பிஎஃப், கம்பெனி போடுற 1,500ம் அந்த 25,000க்குள்ளதான் எழுதிருப்பான், கிராஜுவிட்டின்னு (பல வருசம் இருந்துட்டு போவும்போ தர்ற பணம்) ஒரு 600 வேற, கையில மிஞ்சுறது 21,400 கிட்ட. இன்சூரன்ஸ், தொழில் வரி எல்லாம் போனா இன்னும் கொறயும். வேரியபிள் பேன்னு (கூடவோ கொறயவோ வர்ற பங்கு) ஒண்ணு இருந்தா அத இப்பவே கணக்குல சேக்காத. பிஎஃப் எங்கயும் போவல, ஒனக்க பேருலதான் கெடக்கு, ஒரு பங்கு பென்சனுக்கு போவும். கிராஜுவிட்டிதான் வேற கத, பெர்மனென்ட் ஆளுன்னா 5 வருசம் இருந்தாதான் கையில வரும், ஆறு மாசத்துல ஓடணும்னு நிக்கவனுக்கு அது வெறும் எழுத்து.

அடுத்தது யூஏஎன் நம்பர், எந்த கம்பெனிக்கு போனாலும் மாறாத ஒனக்க பிஎஃப் நம்பர். கவர்மெண்டோட உமங் ஆப்புல போட்டு பாஸ்புக்ல மாசாமாசம் பணம் ஏறுதான்னு பாரு. பேரும் ஒத்துப்போகணும், நம்ம ஊருல ஆதார்ல அப்பா பேரு முழுசா இருக்கும், பான்ல வேற மாதிரி இருக்கும், சர்டிபிகேட்ல வெறும் இனிஷியல், இந்த எளவு ஒண்ணே போதும் ஆள அலைய விட.

லீவுக்கு வாயால கேக்காத, மெயில்ல கேளு. டிசம்பர் 3 கோட்டார் சவேரியார் திருவிழாவுக்கு நமக்கு ஜில்லாவே லீவு, சென்னையில இருக்க மேனேஜருக்கு அது சும்மா ஒரு நாளு. நவம்பர் மொத வாரமே போட்டு வச்சிரு, அப்புறம் "ப்ராஜெக்ட் ரிலீஸ் இருக்கு"ன்னு சொன்னா பழைய மெயில காட்டலாம்.

செஞ்ச வேலைய தெனமும் ரெண்டு வரி எழுதி வை. அப்ரைசல்ல "நீ என்ன செஞ்ச?"ன்னு கேக்கும்போ முழிச்சிட்டு நின்னவன் நான்.

இனி பேப்பர் போடுற விசயம். அடுத்த ஆஃபர் மெயில்ல வராம வாய்ப்பேச்ச நம்பி போடாத. ஆஃபர் லெட்டர்ல நோட்டீஸ் (பேப்பர் போட்ட பொறவும் வேல பாக்க வேண்டிய நாளு) 60 நாளா 90 நாளான்னு பாரு, பாண்டு (சொன்ன காலத்துக்கு முன்னாடி போனா பணம் கட்டணும்ங்கிற ஒப்பந்தம்) இருந்தா எவ்வளவு எழுதிருக்குன்னும் பாரு. (சேரும்போ ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வைக்க கேட்டா குடுத்துராத, காட்டிட்டு திரும்ப வாங்கு, ஜெராக்ஸ் அவன் வச்சுக்கட்டும்.) ஆபீஸ் லாகின் போறதுக்கு முன்னாடியே பேஸ்லிப் எல்லாம், ஃபார்ம் 16 (சம்பளத்துல வரி பிடிச்சதுக்கான சீட்டு) குடுத்திருந்தா அதையும் சொந்த மெயிலுக்கு எடுத்து வை. வேலைய விட்டாச்சுன்னு கம்பெனி தர்ற ரிலீவிங் லெட்டர் வாங்காம ஊருக்கு பஸ் ஏறாத.

எனக்க மொத கம்பெனிக்காரன் பிஎஃப்ல நான் வேலைய விட்ட தேதியவே போடல, புது கம்பெனிக்கு பணத்த மாத்தவும் முடியல. எச்ஆருக்கு போன் அடிச்சு அடிச்சு ஓஞ்ச பொறவுதான் தெரியும், கடைசி பிஎஃப் ஏறி ரெண்டு மாசம் ஆனா அந்த தேதிய நாமளே பிஎஃப் ஆபீஸோட இபிஎஃப்ஓ சைட்டுல போட்டுக்கலாம்னு. ஆதார் ஓடிபி வரும், அதுக்கு ஆதாரோட சேத்த பழைய சிம்ம தூக்கிப் போட்டுராத.