இரண்டு மணி நேரக் கதை கேமுக்கு முழு விலை கொடுக்கலாமா? நான் முடிவெடுக்கும் முறை

தீபாவளிக்கு உறையில் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் அக்கா மகன் மூன்று நாளாக ஒரே கேள்வியைக் கேட்டான். "மாமா, ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும்னு போட்டிருக்கு. அதுக்குப் போய் முழு விலை குடுக்கலாமா?" அவனுக்குச் சொன்னதை எழுதி வைத்தால் முதல்முறை வாங்குகிற மற்றவர்களுக்கும் உதவும் என்று நினைத்தேன். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், பாம் ஆயில் மில்லில் ஷிப்ட் வேலை. மாதத்துக்கு ஒரு கேம் வாங்குவதே எனக்குப் பெரிது. அதனால் ஒவ்வொரு வெள்ளியையும் (ரிங்கிட்) யோசித்துத்தான் செலவழிப்பேன். உங்களிடம் கணினியும், கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கணக்கும் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

விலையை மணி நேரத்தால் வகுத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தக் கணக்கு பெரிய கேம்களுக்கே சரியாக வராது. அறுபது மணி நேரம் ஓடும் கேமில் பாதி நேரம் பொருள் பொறுக்குவதிலும் நடப்பதிலும் போய்விடும். கதை கேமில் அந்த இழுப்பை எடுத்துவிட்டுத்தான் கையில் கொடுக்கிறார்கள்.

எனக்கு இதைப் புரியவைத்தது 'வெண்பா'. டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்தது, 2023 ஜூலை 31-ல் வெளிவந்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. எழுத்து அழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி, புட்டு, பிரியாணி என்று நாமே சமைத்துக்கொண்டு கதையில் முன்னே போக வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அமெரிக்காவில் விலை 14.99 டாலர். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியது.

புட்டு அவிக்கும் இடம் வந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் பின்னால் நின்றுகொண்டார். "தேங்காய்ப்பூவ முதல்ல போடுய்யா" என்றார். அம்மா தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். மூங்கில் குழலில் பாட்டி புட்டு அவித்ததை அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகச் சொன்னார். கேம் முடிந்த பிறகும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். முழு விலை கொடுத்து வாங்கியதற்கு ஒரு நாளும் வருந்தியதில்லை.

படி 1: வெள்ளியில் விலை பாருங்கள்

யூடியூபில் பேசுகிறவர் இருபது டாலர் என்பார். அதைக் கூகிளில் மாற்றிப் பார்த்து மலைக்காதீர்கள். ஸ்டீமில் மலேசியாவுக்கு வெள்ளியிலேயே தனி விலை உண்டு. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் ஒரு பரிந்துரை தரும், கடைசியில் விலையை வைப்பது கேமை வெளியிடுகிறவர்கள். பல கேம்களுக்கு நேரடி மாற்று விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

படி 2: எவ்வளவு நீளம்?

'ஹவ் லாங் டு பீட்' தளத்தில் கேமின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். விளையாடியவர்களே தங்கள் நேரத்தைப் பதிவு செய்கிற இடம் அது. முதன்மைக் கதைக்கான நேரத்தை மட்டும் பாருங்கள். 'ஃபயர்வாட்ச்' ஏறக்குறைய நான்கு மணி நேரம், 'வாட் ரிமெயின்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச்' இரண்டு, 'ஃப்ளாரன்ஸ்' அரை மணி நேரம்தான். இந்த எண்ணை வைத்து நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: எந்த இரவில் விளையாடலாம்? கதை கேமை ஒரே அமர்வில், அல்லது இரண்டு அமர்வில் முடித்தால்தான் அதன் பிடிப்பு நிற்கும். மறுநாள் காலை ஷிப்ட் இருக்கும்போது நான் தொடங்குவதே இல்லை.

படி 3: குறை சொன்னவர்களைப் படியுங்கள்

பாராட்டுகளை நான் படிப்பதில்லை. ஸ்டீம் பக்கத்தின் கீழே விமர்சனங்களை வடிகட்டும் வசதி இருக்கிறது, அதில் எதிர்மறை விமர்சனங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் மேலும், எழுதும்போது அவர் எத்தனை மணி நேரம் விளையாடியிருந்தார் என்று இருக்கும். இரண்டு மணி நேர கேமுக்கு 0.2 மணி நேரத்தில் குறை எழுதியவர் பெரும்பாலும் கணினி திணறியதை, கேம் திறக்காததைச் சொல்கிறார். உங்களுடையது பழைய லேப்டாப் என்றால் அவர் சொல்வதைக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடிவிட்டுக் குறை எழுதியவர் கதையைச் சொல்கிறார்.

அவர்கள் என்ன குறை சொல்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். "முடிவு அவசரமாக இருக்கிறது", "நான் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றும் மாறவில்லை" என்று நாலைந்து பேர் தனித்தனியாகச் சொன்னால் அதை நம்பலாம். எல்லோரும் "சின்னதாக இருக்கிறது" என்று மட்டுமே சொன்னால், இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாமே என்ற ஏக்கம்தான் அது. அப்படிப்பட்ட கேம்களை நான் தைரியமாக வாங்குகிறேன்.

படி 4: பதினைந்து நிமிடம் மட்டும் பாருங்கள்

டெமோ, அதாவது இலவச மாதிரி, இருந்தால் அதைவிட நல்ல வழி கிடையாது. இல்லையென்றால் யாராவது பேசாமல் விளையாடும் வீடியோவில் முதல் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள். முழுக் கதையையும் அலசும் வீடியோக்களைத் திறக்கவே வேண்டாம், கீழே உள்ள கருத்துகளையும் படிக்க வேண்டாம். கதை தெரிந்துவிட்டால் நீங்கள் வாங்கப்போவதில் பாதி போய்விட்டது. பார்க்கும்போது என்னை நானே கேட்பது: அடுத்து என்ன நடக்கும் என்று தெரிய வேண்டும் போல இருக்கிறதா?

படி 5: இப்போதா, தள்ளுபடிக்கா?

பழைய விலைகளைப் பார்க்க 'இஸ் தேர் எனி டீல்' தளம். 'ஸ்டீம் டிபி'யும் காட்டும். ஆனால் முதல் தளத்தில் மற்ற கடைகளின் விலையும் சேர்ந்து வருவதால் எனக்கு அதுதான் பிடிக்கும். போன ஆண்டு எத்தனை முறை விலை இறங்கியது, எவ்வளவு இறங்கியது என்று அங்கே தெரிந்துவிடும்.

ஆனாலும் எல்லாவற்றுக்கும் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். இந்த வாரமே விளையாடப் போகிறேன், செய்தது சிறிய குழு, படி 3-லும் 4-லும் மனசு ஒத்துக்கொண்டது என்றால் முழு விலை கொடுத்துவிடுவேன். எப்போதாவது விளையாடலாம் என்று தோன்றினால் ஸ்டீமின் விஷ்லிஸ்ட்டில் (விருப்பப் பட்டியல்) போட்டுவிடுவேன், இருபது விழுக்காடு அல்லது அதற்கு மேல் விலை இறங்கினால் மின்னஞ்சல் வந்துவிடும். அக்கா மகன் கடைசியில் 'எ ஷார்ட் ஹைக்' வாங்கினான். முழு விலைதான். ஒரே மாலையில் மலையுச்சிக்குப் போய்விட்டான், மறுநாளும் அதே தீவில் சுற்றிக்கொண்டிருந்தான்.

படி 6: வாங்கிய பிறகு கடிகாரத்தைக் கவனியுங்கள்

நான் ஏமாந்த இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் "விளையாடிய நேரம்" என்றால் நாம் நினைப்பது அல்ல. கேம் திறந்திருக்கும் நேரம் எல்லாமே கணக்கில் ஏறும். தொடக்கத் திரையில் சும்மா விட்டிருந்தாலும், கேமை நிறுத்திவைத்து (பாஸ் போட்டு) விட்டுச் சாப்பிடப் போனாலும் ஏறும். ஸ்டீம் தானாகப் பதிவிறக்கும் நேரம் சேராது. ஆனால் சில கேம்கள் 'பிளே' அழுத்தியதும் தங்களுடைய லாஞ்சரை (கேமைத் தொடங்கிவைக்கும் தனிச் செயலி) திறந்து, அதற்குள் இன்னும் கொஞ்சம் கோப்புகளை இறக்கும். அந்த நேரம் சேர்ந்துவிடும்.

எங்கள் தாமான் (குடியிருப்பு) செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. அப்போது வீட்டில் கைப்பேசி ஹாட்ஸ்பாட் மட்டும்தான், மழை பெய்தால் அதுவும் இழுக்கும். ஒரு இணையக் கடையில் கதை கேம் ஒன்றை வாங்கித் திறந்தேன். லாஞ்சர் ஏதோ இறக்கத் தொடங்கியது. சரி, இறங்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு இரவு ஷிப்டுக்குக் கிளம்பினேன். காலையில் வந்து பார்த்தால் கணக்கில் ஏழு மணி நேரம். உண்மையில் விளையாடியது இருபது நிமிடம். எழுத்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது, பெரிதாக்கவும் வழியில்லை. பணத்தைக் கேட்டேன், விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். இரண்டு நாள் ஓவர்டைம் பணம் அது. இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது.

இப்போது நான் செய்வது இது. இணையம் நன்றாக இருக்கும் அதிகாலையில் திறந்து, லாஞ்சரின் வேலை முடியும்வரை பக்கத்திலேயே இருப்பேன். முதலில் அமைப்புகளுக்குள் போய் எழுத்தின் அளவு, ஒலி, வசன வரிகள் ஆகியவற்றைச் சரிபார்ப்பேன். பிறகு நாற்பது நிமிடம் விளையாடுவேன். கேமை முழுவதுமாக மூடிவிட்டு லைப்ரரியில் நேரத்தைப் பார்ப்பேன். பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே திரும்பக் கேட்டுவிடுவேன்.

முழுக் கேமையும் முடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் ஆகவில்லை என்பதற்காகப் பணத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். 'சம்மர் ஆஃப் 58' என்ற திகில் கேமைச் செய்த எமிகா கேம்ஸ், 2021 ஆகஸ்டில் கேம் உருவாக்கத்திலிருந்து காலவரையின்றி விலகுவதாக அறிவித்தது. கேம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு, முடித்தவர்களில் நிறையப் பேர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதுதான் காரணம். ஒன்றரை மணி நேர கேம் என்றால் முதல் அரை மணி நேரத்திலேயே முடிவெடுங்கள்.

பின்சேர்க்கை: பிளேஸ்டேஷனிலும் இதே முறை செல்லுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். செல்லாது. அங்கேயும் 14 நாள் உண்டு, ஆனால் பதிவிறக்கம் தொடங்கிவிட்டால் மனசு மாறியதற்காகப் பணம் கேட்க முடியாது. அதனால் படி 6 உங்களுக்கு உதவாது. படி 3-க்கும் 4-க்கும் இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: முழு விலைக்கு வாங்கிய மூன்றாம் நாளே தள்ளுபடி வந்துவிட்டது என்று ஒரு தங்கை வருத்தப்பட்டு எழுதியிருந்தார். 14 நாளும் இரண்டு மணி நேரமும் தாண்டவில்லை என்றால் பணத்தைத் திரும்பப் பெற்று, குறைந்த விலைக்கு மறுபடி வாங்கலாம். இதைத் தவறான பயன்பாடாகக் கருதுவதில்லை என்று ஸ்டீமின் விதியிலேயே எழுதியிருக்கிறது. வேறு கடையில் கீ (ஸ்டீமில் உள்ளிடும் குறியீடு) வாங்கிச் சேர்த்திருந்தால் ஸ்டீம் பணம் தராது, விற்ற கடையைத்தான் கேட்க வேண்டும். இன்னொன்று: கேட்கும்போது பணத்தை ஸ்டீம் வாலெட்டுக்கு (ஸ்டீம் கணக்கில் இருக்கும் பணப்பைக்கு) போடச் சொல்லுங்கள். வங்கிக்கு வரும்வரை காத்திருந்தால் அதற்குள் தள்ளுபடி முடிந்துவிடலாம்.