பழைய டிஸ்கைக் கழற்றினால் பூட் ஆகாத எஸ்எஸ்டி

போன வாரம் கம்ப்யூட்டரில் புதுசாக எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்கைவிட வேகமான டிஸ்க்) போட்டு, பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றாமலே விண்டோஸ் 10 இன்ஸ்டால் செய்தேன். நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் பழையதைக் கழற்றினால் கறுப்புத் திரை, பூட் டிவைஸ் இல்லை என்று ஒரே வரி. எஸ்எஸ்டிதான் போய்விட்டதென்று கேபிளை மாற்றி, கம்ப்யூட்டரின் தொடக்க செட்டிங்குகள் இருக்கும் பயாஸைக் குடைந்து, ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது. பழையதை மறுபடி மாட்டி டிஸ்குகளின் பகுதிகளை (பார்ட்டிஷன்) காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது: விண்டோஸ் எஸ்எஸ்டியில், அதை எழுப்பிவிடும் 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷனோ பழைய டிஸ்கில்! ஏற்கெனவே ஒன்று இருந்ததால் இன்ஸ்டாலர் அதிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. சரி என்று பழைய டிஸ்கின் சாட்டா கேபிளைப் பிடுங்கிவிட்டு, பூட் மெனுவில் யுஇஎஃப்ஐ (இஎஃப்ஐ பார்ட்டிஷன் வழியாக எழும் முறை) என்று தொடங்கும், விண்டோஸ் இன்ஸ்டாலர் உள்ள பென்டிரைவின் வரியைத் தேர்ந்தெடுத்து, எஸ்எஸ்டியின் பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்து, காலி இடத்தில் விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். இப்போது தனியாகவே எழுந்துகொள்கிறது.