பெட்டியில் கிடைத்த சுமத்ரா நோட்டு: பிரிப்பது எப்படி, காப்பது எப்படி

பினாங்கில் பழைய கடைவீட்டைக் காலி செய்யும்போது பேரேட்டுக்கு நடுவே ஒரு கட்டு நோட்டு கிடைத்தால், பலரும் "வாழைமரக் காசு (ஜப்பான் ஆட்சிக்கால நோட்டு), செல்லாது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சுமத்ராவின் மேடான், பெலாவான் பக்கம் கொடுக்கல் வாங்கல் இருந்த குடும்பம் என்றால் அவசரப்படாதீர்கள். 1945 ஆகஸ்டு 17இல் விடுதலையை அறிவித்த இந்தோனேசியக் குடியரசு, 1949 டிசம்பர் 27 வரை ஒல்லாந்தரோடு (டச்சுக்காரரோடு) மல்லுக்கட்டியது. அந்த நான்கு ஆண்டும் இரண்டு அரசின் காசும் எதிரெதிராக ஓடின. சுமத்ரா ரப்பர் ஒல்லாந்தக் கடற்படையின் கண்ணில் மண்ணைத் தூவிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. துணியும் ஆயுதமும் அந்தப் பக்கம் போயின. ஆகவே அந்தக் கட்டில் போர்க்கால நோட்டு இருக்க வாய்ப்புண்டு.

முதலில் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத்தாள் விரித்த மேசை, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், முனை தட்டையான இடுக்கி, இவை போதும். ரப்பர் வளையம் உருகி ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். மேல் நோட்டோடு தோல் உரிந்து வரும். துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். குண்டூசி துருப்பிடித்திருந்தால் நோட்டைத் திருப்பி, ஊசியைப் பின்பக்கமாக மெதுவாக உருவுங்கள்.

பிறகு, வெளியிட்டது யார் என்று பார்த்துக் குவியல் பிரியுங்கள். தேதியை வைத்துப் பிரித்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஜப்பான்காரன் குவியல் எளிது. மலாயா நோட்டு ஆங்கிலத்தில் இருக்கும், எண்வரிசை 'எம்' எழுத்தில் தொடங்கும். கிழக்கிந்தியத் தீவுகளுக்கான கில்டர் நோட்டில் டச்சு மொழியும் 'எஸ்' எழுத்தும் இருக்கும். பின்னால் வந்த ரூபியா நோட்டில் 'டாய் நிப்பொன்' என்ற சொல் தெரியும்.

ஒல்லாந்தர் குவியலில் ராணி வில்ஹெல்மினா படம் போட்ட நோட்டு வரும். 'நிக்கா காசு' என்பது இதுதான்; நிக்கா என்பது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவு நிர்வாகம். அமெரிக்காவில் அச்சான அந்த நோட்டில் 1943 மார்ச் 2 என்று இருக்கும். ஜாவாவிலும் சுமத்ராவிலும் அது பரவியது உலகப்போர் முடிந்த பிறகுதான். 1945 அக்டோபரிலேயே அந்தக் காசு செல்லாது என்று குடியரசின் அதிபர் சுகார்னோ அறிவித்தார். ஒல்லாந்தர் ஆட்சியில் நோட்டு வெளியிட்ட டி யாவாஸ்ஹெ வங்கியின் நோட்டையும் இதே குவியலில் வையுங்கள்.

குடியரசு நோட்டில்தான் நிதானம் வேண்டும். முதல் வரிசையில் 'ஜகார்த்தா, 17 அக்டோபர் 1945' என்ற தேதியும் நிதியமைச்சர் மாராமிஸ் கையெழுத்தும் இருக்கும். மக்கள் கைக்கு அது வந்ததோ 1946 அக்டோபர் 30இல். ஜாவாவில் 50 ஜப்பான் ரூபியாவுக்கும், ஜாவா, மதுரா தீவுகளுக்கு வெளியே 100 ரூபியாவுக்கும் ஒரு புது ரூபியா. 'ஜோக்ஜகார்த்தா' என்று இருந்தால் அடுத்த வரிசைகள். 40, 75, 400 ரூபியா என்று விநோதமான மதிப்பு கண்டால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். துணை அதிபர் ஹத்தா கையெழுத்திட்ட 1948 வரிசை அது.

சுமத்ராவோடு தொடர்புள்ள குடும்பத்தில் மாகாண நோட்டு கிடைக்க வாய்ப்பு அதிகம். ஜாவாவிலிருந்து நோட்டு வந்து சேராததால் சுமத்ரா 1947இல் பெமாதாங் சியாந்தாரில் தன் நோட்டைத் தானே அடித்தது. அந்த ஆண்டு ஜூலை 21இல் ஒல்லாந்தர் படையெடுத்ததும் அச்சு வேலை புக்கித்திங்கிக்கு நகர்ந்தது. ஊர்ப்பெயரைப் படிக்க மலாய் தெரிந்த நமக்குச் சிரமமில்லை, பழைய எழுத்துமுறையை மட்டும் மனத்தில் வையுங்கள். 'உ' ஓசையை 'ஓ, ஈ' என்ற இரண்டு ரூமி (ரோமன்) எழுத்தால் எழுதியிருந்தால் பழைய முறை. குடியரசு அதை 1947 மார்ச்சில் ஒற்றை 'யூ' ஆக்கியது. ஆனாலும் இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள், பழைய அச்சுக்கட்டை பிறகும் ஓடியிருக்கலாம். 'கூத்தாராஜா' என்றால் இன்றைய பண்டா ஆச்சே.

பாதியாக வெட்டிய ஒல்லாந்தர் நோட்டு கிடைத்தால் குப்பையில் போடாதீர்கள். 1950 மார்ச்சில் நிதியமைச்சர் ஷஃப்ருதீன் போட்ட ஆணைப்படி, 5 கில்டரும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிக்கா, யாவாஸ்ஹெ நோட்டுகளை மக்களே கத்தரிக்கோலால் வெட்டினார்கள். இடப்பாதி பாதி மதிப்புக்குச் செல்லும், வலப்பாதிக்கு அரசுக் கடன்பத்திரம். இரண்டு பாதியும் சேர்ந்து கிடைத்தாலும் ஒட்ட வேண்டாம், ஒரே உறையில் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். குடியரசு நோட்டு இந்தக் கத்தரிக்குத் தப்பியது; அது பாதியாக இருந்தால் வெறுமனே கிழிந்ததுதான்.

மடிப்பை நீக்க இஸ்திரிப்பெட்டியை எடுக்கிறவர்கள்தான் அதிகச் சேதம் செய்கிறார்கள். சூட்டில் தாள் மொறுமொறுத்து, அடுத்த முறை மடிப்பிலேயே ஒடியும். சோப்புத் தண்ணீரில் கழுவினால் கையால் குத்திய எண்ணும் முத்திரையும் கரைந்து ஓடும். செலோ டேப்பின் பசை சில ஆண்டில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேட் செய்தால் திரும்ப எடுக்கவே முடியாது. சுருண்ட நோட்டை இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் வைத்து ஒரு வாரம் விடுங்கள். அதற்கும் படியாவிட்டால் அப்படியே விட்டுவிடுவது மேல்.

உறை வாங்கும்போது பாலியெஸ்டர், அதாவது மைலார் என்று கேட்டு வாங்குங்கள். மென்மையான, நெடி அடிக்கும் பிவிசி உறை நம் ஊர் வெக்கையில் பிசுபிசுத்து மையை உறிஞ்சும். அந்துருண்டையையும் பக்கத்தில் வைக்காதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும். ஜார்ஜ் டவுன் வீட்டின் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி ஈரம் வாங்கும். உட்சுவர்ப் பக்கம் நல்லது. இரவில் மட்டும் ஏர்கான் ஓடும் அறையைவிட, விசிறி மட்டும் உள்ள அறையில் காற்றுப் புகாத டப்பா தேவலை. டப்பாவுக்குள் ஈரமானி ஒன்று, துணிப்பையில் 50 கிராம் சிலிக்கா ஜெல். ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி நிற்கட்டும்; 65ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். ஜெல் நிறம் மாறியதும் பையிலிருந்து கொட்டி, 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணிநேரம் வாட்டி, ஆறவிட்டுத் திரும்ப வையுங்கள்.

போலியைப் பிடிக்க லென்ஸும் புற ஊதா டார்ச்சும் உதவும். லென்ஸில் பல நிறப் புள்ளிகள் தெரிந்தாலோ, டார்ச்சில் தாள் நீலமாக ஒளிர்ந்தாலோ அது இந்தக் காலத்து நகல். போர்க்காலத்திலேயே அடித்த கள்ளநோட்டு இந்தச் சோதனையில் சிக்காது, அதற்கு நல்ல நோட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தின் விளிம்பை ஒப்பிட வேண்டும்.

விற்கும் எண்ணம் இருந்தால் பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்கு முழுக் கட்டையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு பக்கமும் 600 டிபிஐயில், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஸ்கேன் செய்து, படத்தை மட்டும் காட்டுங்கள். குடும்பத்தில் யார், எந்த ஊரில் வைத்திருந்தது என்பதை நோட்டின் மேல் எழுதாமல், தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உறைக்கு வெளியே வையுங்கள்.